பேட்டரிக்கு நிலம் கொடுத்தவர்

ஒரு திங்கட்கிழமை காலை. கிள்ளானில் எங்கள் வீட்டு வாசல். எட்டு மணிக்கு விரிவுரை. அப்பாவின் பழைய காரில் ஏறிச் சாவியைத் திருப்பினால் இயந்திரம் கிளம்பவில்லை. டிக் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வந்தது. முகப்பு விளக்குகள் அணையப்போகும் அகல்விளக்குபோல மங்கின. பக்கத்துத் தெருவில் பட்டறை வைத்திருக்கும் அங்கிள் வந்து, வேறொரு பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்துத்தான் வண்டியைக் கிளப்பினார். மாலையில் பட்டறைக்கு வா, பேட்டரியின் கதையைப் பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மாலையில் அவர் காட்டியதைப் பிறகு சொல்கிறேன். அவர் சொன்னதைச் சரிபார்க்க நூலகத்தில் மின்வேதியியல் பற்றித் தேடியபோது ஓர் ஊரின் பெயர் கண்ணில் பட்டது: காரைக்குடி. எனக்கு அதுவரை காரைக்குடி என்றால் செட்டிநாட்டுக் கோழிக் கறியும் பெரிய பெரிய வீடுகளும்தான். அங்கே மின்வேதியியலுக்கென்றே ஒரு தேசிய ஆய்வு நிலையம் இருக்கிறது. பேட்டரி, மின்முலாம், உலோகம் துருப்பிடித்தல் என்று மின்சாரமும் வேதியியலும் சந்திக்கும் இடமெல்லாம் அதன் வேலை. அந்த நிலையம் அந்த ஊருக்கு வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் ஒரு தனி மனிதர். அவர்தான் வள்ளல் அழகப்பச் செட்டியார்.

அழகப்பர் 1909-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் பிறந்தார். நகரத்தார் குடும்பம். அந்தச் சமூகத்தைப் பற்றி நமக்கு அதிகம் அறிமுகம் தேவையில்லை. கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் இருந்த செட்டியார் கிட்டங்கிகளைப் பற்றித் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்போம். தைப்பூசத்தில் தண்டாயுதபாணி கோயில்களில் அவர்களின் காவடியைப் பார்த்திருப்போம். பர்மா, மலாயா, சிலோன் என்று கடல் தாண்டிப் போய் வட்டித் தொழில் செய்து, கணக்குப் பார்த்து, ஊர் திரும்பி வீடு கட்டுவது அன்றைய வழக்கம். பிள்ளைகளும் சிறு வயதிலேயே கணக்குப் பழகிக் கடைக்குப் போய்விடுவார்கள்.

அழகப்பர் கல்லூரிக்குப் போனார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் வாங்கினார். பிறகு லண்டனுக்குச் சென்று சட்டம் படித்தார். அங்கே சார்ட்டர்ட் வங்கியில் பயிற்சியும் பெற்றார். இதற்கிடையில் லண்டனை ஒட்டிய குரோய்டனில் விமானம் ஓட்டக் கற்றுச் சான்றிதழும் வாங்கிவிட்டார். இலக்கியம், சட்டம், வங்கி, விமானம். இன்றைக்கு நம்மில் ஒருவர் இப்படிப் படித்தால், எதிலாவது ஒன்றில் நிலைத்து நில் என்று வீட்டில் திட்டு விழும்.

ஊர் திரும்பியதும் அவர் இறங்கிய தொழில்களும் அப்படித்தான் பல திசையில் போயின. கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் நூற்பாலை தொடங்கினார். அந்த ஆலை இருந்த ஊர்ப்பகுதிக்கு இன்றும் அழகப்பா நகர் என்றே பெயர். பர்மாவில் ஈயச் சுரங்கம், மலாயாவில் ரப்பர் தோட்டம், கல்கத்தாவில் காப்பீடு, பம்பாயில் ஹோட்டல், சென்னையில் திரையரங்கு என்று விரிந்தது. ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனமும் நடத்தினார். நாற்பது வயதை எட்டுவதற்கு முன்பே ஆங்கில அரசு அவருக்கு சர் பட்டம் கொடுத்தது. இந்தியா விடுதலை அடைந்தபின் அதைத் துறந்துவிட்டார்.

மலாயா ரப்பர் என்ற இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். என் பாட்டி தோட்டத்தில் பிறந்தவர். விடியுமுன் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போன கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். அழகப்பரின் வாழ்க்கை வரலாறுகளில் மலாயா ரப்பர் தோட்டம் என்பது ஒரே சொற்றொடராக வந்து போகிறது. அந்தச் சொற்றொடருக்குள் மரம் வெட்டியவர்களும், பால் சுமந்தவர்களும், லயத்தில் வாழ்ந்தவர்களும் இருக்கிறார்கள். அவர் கொடையைப் பாராட்டும்போது அவர்களையும் சேர்த்தே நினைப்பதுதான் நம் நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

சம்பாதித்ததை அவர் என்ன செய்தார் என்பதுதான் இந்தக் கதையின் முக்கியமான பகுதி. வீடு கட்டுவதோடும் கோயில் திருப்பணியோடும் அவர் நின்றுவிடவில்லை. திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் தமிழாய்வுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார். சென்னை கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி அமைய ஐந்து லட்சம் கொடுத்தார். 1944-இல் தொடங்கிய அந்தக் கல்லூரி இன்றும் அவர் பெயரிலேயே, அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதியாக இயங்குகிறது.

1947 ஜூலையில் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழா நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் பேசும்போது, செல்வம் உள்ளவர்கள் கல்லூரிகள் தொடங்க முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இப்படிப்பட்ட வேண்டுகோள்களுக்குப் பொதுவாகக் கைதட்டல்தான் பதிலாகக் கிடைக்கும். அழகப்பர் அதே கூட்டத்தில் எழுந்து, காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாகச் சொல்லி ஒரு லட்சம் ரூபாயும் அறிவித்தார். ஆகஸ்ட் 11-ஆம் நாள், அதாவது இந்திய விடுதலைக்கு நான்கு நாள் முன்னதாக, காந்தி மாளிகை என்ற கட்டடத்தில் கல்லூரி தொடங்கிவிட்டது. ஜூலையில் வாக்கு, ஆகஸ்டில் வகுப்பு. இன்று ஒரு பாடத்திட்டத்தை மாற்றுவதற்கே எத்தனை குழு உட்கார வேண்டியிருக்கிறது!

அந்தச் சமயத்தில் விடுதலை பெற்ற இந்தியா, தேசிய ஆய்வகங்களை வரிசையாக அமைக்கத் திட்டமிட்டிருந்தது. இயற்பியலுக்கு டெல்லி, வேதியியலுக்கு புனே, தோல் ஆராய்ச்சிக்குச் சென்னை. மின்வேதியியலுக்கு எந்த ஊர்? காரைக்குடி தலைநகரமும் இல்லை, துறைமுகமும் இல்லை. மழை குறைந்த, வெயில் நிறைந்த ஊர். அழகப்பர் தன் 300 ஏக்கரையும் 15 லட்சத்தையும் முன்வைத்தார். 1948 ஜூலை 25-ஆம் நாள் பிரதமர் நேரு காரைக்குடிக்கே வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில், அன்றைய துணைக் குடியரசுத் தலைவர் டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன் நிலையத்தைத் திறந்துவைத்தார். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் என்பது அதன் பெயர்.

ஆங்கில இலக்கியம் படித்த ஒரு வணிகர் இவ்வளவு கொடுத்தது எதற்காக? காரின் பானெட்டைத் திறந்து அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்தால் கொஞ்சம் புரியும்.

கார் பேட்டரிக்குள் ஆறு அறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும். ஆறையும் தொடராக இணைத்தால் 12.6 வோல்ட். ஒவ்வோர் அறையிலும் இரண்டு வகைத் தகடுகள் உண்டு. நேர்மின் தகட்டில் காரீய டைஆக்சைடு, எதிர்மின் தகட்டில் பஞ்சுபோன்ற காரீயம். இரண்டும் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும். பேட்டரி மின்சாரம் தரும்போது இரண்டு தகடுகளும் அமிலத்தோடு வினைபுரிந்து காரீய சல்பேட்டாக மாறுகின்றன. அமிலம் குறைந்து தண்ணீர் கூடுகிறது. வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் மின்சாரத்தைத் திருப்பி அனுப்ப, இந்த மாற்றம் முழுக்கப் பின்னோக்கி நடக்கிறது. சல்பேட் மறைந்து அமிலம் திரும்பி வருகிறது. படிவம் 5 வேதியியலில் ரெடாக்ஸ் படிக்கும்போது மனப்பாடம் செய்தோமே, ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும், அது இதுதான். தேர்வுக்கு மறுநாளே நான் மறந்துவிட்டேன் என்பது வேறு விஷயம்.

இந்த வகைப் பேட்டரியை 1859-இல் கண்டுபிடித்தவர் பிரான்ஸ் நாட்டின் கஸ்தோன் பிளாந்தே. இரண்டு காரீயத் தகடுகளைப் பாய்போலச் சுருட்டி அமிலத்தில் வைத்தார். அமெரிக்காவின் சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912-இல் காடிலாக் கார்களில் வந்தபிறகுதான் காருக்கும் இதற்கும் பிரிக்க முடியாத உறவு ஏற்பட்டது. அதற்குமுன் வண்டிக்கு முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்ற வேண்டும். இன்னொரு செய்தி: அந்தக் காலத்துப் பேட்டரிப் பெட்டிகள் கெட்டியாக்கிய ரப்பரால் ஆனவை. பிளாஸ்டிக் பெட்டி பின்னாளில் வந்ததுதான்.

இப்போது பட்டறைக்குத் திரும்புகிறேன். அங்கிள் முதலில் பேட்டரியின் தலையைப் பார்த்தார். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. சோடா மாவு கலந்த வெந்நீரால் கழுவித் துடைத்தார். இணைப்பு தளர்ந்தோ பூத்தோ இருந்தால் நல்ல பேட்டரியும் செத்ததுபோல நடிக்குமாம். பெட்டி வீங்கியிருக்கிறதா, விரிசல் உண்டா என்றும் தடவிப் பார்த்தார்.

அடுத்து மல்டிமீட்டர். வண்டியை அணைத்துச் சில மணி நேரம் ஆன பிறகு அளக்க வேண்டும். இப்போதுதான் ஓட்டி நிறுத்தினோம் என்றால், முகப்பு விளக்கை ஓரிரு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து அளக்கலாம். இல்லாவிட்டால் மேலோட்டமாக ஒட்டியிருக்கும் மின்னூட்டம் நம்மை ஏமாற்றிவிடும். 12.6 வோல்ட் வந்தால் முழு நிறைவு. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0-க்கு வந்துவிட்டால் கால்வாசிதான் மிச்சம். வெறும் 0.6 வோல்ட் இறக்கத்துக்குள் முக்கால் பங்கு சக்தி போய்விடுகிறது என்பது எனக்குப் புதிதாக இருந்தது. காலையில் நம் பேட்டரி காட்டியது 11.8. இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு வைப்பதாகச் சொல்லி என்னை அனுப்பிவிட்டார்.

மறுநாள் மீட்டர் 12.4-க்கு மேல் காட்டியது. எனக்கு ஒரே மகிழ்ச்சி, புதிது வாங்கும் செலவு மிச்சம் என்று. அங்கிள் சிரித்துக்கொண்டே ஹைட்ரோமீட்டரை எடுத்தார். கண்ணாடிக் குழாய், உள்ளே ஒரு மிதவை, மேலே ரப்பர்ப் பந்து. மூடிகளைத் திறந்து ஒவ்வோர் அறையிலிருந்தும் கொஞ்சம் அமிலம் உறிஞ்சி மிதவை நிற்கும் அளவைப் படித்தார். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால், நிறைந்த பேட்டரியின் அமிலம் ஏறக்குறைய 1.265 இருக்க வேண்டும். தீர்ந்துபோன பேட்டரியில் 1.12 அளவுக்கு இறங்கிவிடும். எங்கள் பேட்டரியில் ஐந்து அறைகள் 1.250 காட்டின. மூன்றாவது அறை மட்டும் 1.170. அறைகளுக்கிடையே 0.050-க்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தப் பேட்டரியை நம்பக்கூடாது.

கணக்குப் பிடித்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அடர்த்தி எண்ணோடு 0.84-ஐக் கூட்டினால் அந்த அறையின் வோல்ட் ஏறத்தாழக் கிடைக்கும். 1.250 அறைக்கு 2.09, 1.170 அறைக்கு 2.01. ஐந்து நல்ல அறைகளையும் ஒரு கெட்ட அறையையும் கூட்டிப் பாருங்கள், 12.46 வரும். மொத்த வோல்ட்டை மட்டும் பார்த்தவருக்கு அந்த நோயுற்ற அறை தெரியவே தெரியாது.

கடைசிச் சோதனை, பளு ஏற்றிப் பார்ப்பது. மீட்டரை முனைகளில் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னார். ஸ்டார்ட்டர் இழுக்கும்போது நல்ல பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. எங்களுடையது 9-க்கும் கீழே விழுந்தது. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் மீட்டர் 14 வோல்ட்டைத் தொட்டது. அது ஆல்டர்னேட்டர் நலமாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். 13.8-இலிருந்து 14.4 வரை இருந்தால் சரி. அந்த எண் ஏறாமல் 12-லேயே நின்றால் குற்றம் பேட்டரியிடம் இல்லை, வேறு இடத்தில் தேட வேண்டும். புதுப் பேட்டரி வாங்கி மாட்டிச் சில நாளில் அதுவும் படுத்துவிட்டது என்று புலம்புபவர்கள் பலர் இந்த ஓர் அளவைப் பார்க்காமல் விட்டவர்கள்தான்.

இதையெல்லாம் நீங்களே செய்வதாக இருந்தால் கவனம் தேவை. சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு சிறு பொறி போதும், வெடித்துவிடும். பக்கத்தில் சிகரெட் கூடவே கூடாது. அமிலம் கண்ணில் பட்டால் பார்வை போகலாம், கண்ணாடி அணியுங்கள். கழற்றும்போது எதிர்மின் முனையை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது கடைசியில். மூடி திறக்க முடியாத பேட்டரிகளில் ஹைட்ரோமீட்டர் வேலை செய்யாது. சிலவற்றின் மேலே பச்சைக் கண் ஒன்று இருக்கும். அது ஆறு அறைகளில் ஒன்றை மட்டுமே காட்டுவது, அதை அதிகம் நம்ப வேண்டாம்.

நம் பேட்டரிகள் ஏன் சீக்கிரம் போகின்றன என்று கேட்டேன். வெயில் என்றார். பேட்டரியின் மேல் சி.சி.ஏ. என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். அது மைனஸ் 18 டிகிரி குளிரில் பேட்டரி எவ்வளவு மின்னோட்டம் தரும் என்ற கணக்கு. பனி கொட்டும் நாடுகளின் கவலை அது. கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் மதியம் இரண்டு மணிக்கு நிற்கும் வண்டிக்கு வேறு கவலை. வெப்பம் கூடக் கூட உள்ளே உள்ள காரீயச் சட்டம் வேகமாக அரிக்கப்படுகிறது, தண்ணீர் ஆவியாகிறது. அரைகுறைச் சார்ஜோடு நாட்கணக்கில் நிறுத்திவைத்தால் தகடுகளில் சல்பேட் கெட்டிப் படிகமாக உறைந்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுதாகக் கரையாது.

குளிர்நாட்டில் எழுதப்பட்ட பாடப்புத்தகம் வெயில் நாட்டுப் பேட்டரிக்கு அப்படியே பொருந்தாது. காரைக்குடியில் ஓர் ஆய்வு நிலையம் இருப்பதன் அருமை எனக்கு அந்தப் பட்டறையில்தான் உறைத்தது. வெயிலும் உப்புக்காற்றும் உள்ள நிலத்தில் பேட்டரி என்ன ஆகிறது, பாலத்து இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்பதை அங்கேயே இருந்து பார்க்க வேண்டும். அந்த நிலையம் ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் கடற்கரையில் உலோக அரிப்பைச் சோதிக்கத் தனி இடமே வைத்திருக்கிறது. காரீயப் பேட்டரியோடு நின்றுவிடாமல் லித்தியம் அயனிப் பேட்டரிக்கும் வந்துவிட்டார்கள். 2018-இல், அங்கே உள்நாட்டிலேயே உருவாக்கிய லித்தியம் அயனித் தொழில்நுட்பத்தை ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கொடுக்க ஒப்பந்தம் ஆனது. மின்வேதியியல் பொறியியலில் இளநிலைப் பட்டப் படிப்பும் அங்கே உண்டு.

அழகப்பர் அடிக்கல்லோடு ஓயவில்லை. பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, மாண்டிசோரி பள்ளி என்று காரைக்குடியில் ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பினார். பெண்கள் கல்லூரிக்குக் கட்டடம் தேவைப்பட்டபோது கோட்டையூரில் தான் குடியிருந்த அரண்மனை போன்ற வீட்டையே கொடுத்துவிட்டார். நகரத்தார் வழக்கத்தில் வீடு என்பது தலைமுறைக்கும் பெருமை. கடல் தாண்டிச் சம்பாதித்ததற்குச் சாட்சியே அந்த வீடுதான். அதைக் கொடுத்ததுதான் 15 லட்சத்தைவிடப் பெரிய கொடை என்று நான் நினைக்கிறேன். இத்தனையும் நடந்த ஆண்டுகளில் அவர் உடல்நலம் நன்றாக இல்லை. நீண்ட நாள் நோயோடு போராடிக்கொண்டேதான் இவற்றைச் செய்தார். இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது.

1957 ஏப்ரல் 5-ஆம் நாள் அழகப்பர் மறைந்தார். மறுநாள் அவருக்கு 48 வயது நிறைந்திருக்கும். மலாயா விடுதலை அடைய இன்னும் ஐந்து மாதங்கள் இருந்தன. அவர் காரைக்குடியில் தொடங்கிவைத்த கல்லூரிகளின் வழியாக, 1985-இல் அங்கே அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது.

எங்கள் பேட்டரியை அங்கிள் பழைய காரீயத்துக்கான விலைக்கு எடுத்துக்கொண்டார். உருக்கி மறுபடி தகடாக வார்ப்பார்களாம்.